வாசகர் கேள்வி – பதில்: லயன் காம்பராவின் கதவைத் தட்டும் பொலிஸார்

கேள்வி: வளர்ந்த ஒருவர் எதைப் புகைக்கிறார் என்பதில் அரசுக்கு வேலையில்லை என்று கடந்த இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தோட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் கைக்கும் ஐஸ் என்ற போதைப்பொருள் வந்துவிட்டது. விற்பவனைப் பிடிக்க வேண்டாம் என்கிறீர்களா?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: பிள்ளைக்கு விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும், அவன் இன்னொருவருக்குத் தீங்கு செய்கிறான் என்பதால் தனிமனித சுதந்திரம் பேசுபவர் எவரும் அவனுக்காக வாதாடமாட்டார். என் ஆட்சேபம், தன் உடம்பைத் தவிர வேறெவருக்கும் தீங்கு செய்யாத வளர்ந்தவரைக் கைதியாக்கும் சட்டத்தின் மீதுதான்.

இலங்கையில் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படலாம். 2022 இல் ஐஸும் இத்தகைய கடுந்தண்டனைக்குள் கொண்டுவரப்பட்டது. 1976 க்குப் பிறகு இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், தண்டனை காகிதத்தில் நாற்பது ஆண்டுகளாக இருந்தும் ஐஸ் உங்கள் தோட்டம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. தடை செய்த பொருளின் விலை ஏறும், விலை ஏறினால் அதைக் கடத்தத் துணிபவர்களும் பெருகுவார்கள். சாராயத்தின் வரி உயரும்போதெல்லாம் தோட்டங்களில் கசிப்பு எனும் கள்ளச்சாராயம் தலைதூக்குவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் நாடெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். நுவரெலியாவில் ஒரு பங்களாவின் படுக்கையறைக்குள் நுழையப் பொலிஸார் யோசிப்பார்கள்; தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் காம்பராவுக்குள் நுழைய அவ்வளவு யோசிப்பதில்லை. பிடிபட்டவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழ் அரசியலமைப்பின்படி ஆட்சிமொழியாக இருந்தும், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவன் கையொப்பமிடும் நிலை வரலாம். அதன்பின் விளக்கமறியல், அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கான காத்திருப்பு, தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஹற்றனுக்குப் போய்வரும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது. பஸ் கட்டணம் வேறு. சிவனொளிபாதமலைப் பருவத்தில் வழியில் சோதனையிடப்பட்டுச் சிறு பொட்டலம் கஞ்சாவுடன் பிடிபடும் இளைஞர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறதே, அவர்களால் யாத்திரிகர் எவருக்கு என்ன கெடுதி நேர்ந்தது?

போர்த்துக்கல் 2001 இல், பத்து நாட்களுக்குள் முடியக்கூடிய அளவு போதைப்பொருளைச் சொந்தப் பாவனைக்காக வைத்திருப்பதைக் குற்றமென்ற வகையிலிருந்து நீக்கியது. பிடிபடுபவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக, மருத்துவமும் சட்டமும் சமூகப்பணியும் அறிந்தோர் இருக்கும் குழுவின் முன் செல்கிறார். விற்பனை அங்கே இன்றும் குற்றமே. அவ்வளவு தூரமாவது நாமும் போகலாம் என்பேன். கஞ்சாவைப் பொறுத்தவரை, சாராயக்கடைக்கு உரிமம் கொடுப்பது போல வளர்ந்தோருக்கு விற்கவும் உரிமம் கொடுக்கலாம். ஹெரோயினுக்கும் ஐஸுக்கும் அப்படிக் கடை திறக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கொள்கையில் உறுதியான நண்பர்கள் இதைக் கோழைத்தனம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனோடு வாழ்பவளுக்கு உங்கள் சுதந்திரத்தால் என்ன பயன்?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: அவளுடைய சுதந்திரமும் அதில் அடக்கம், அம்மா. அவன் குடித்தது அவன் விடயம், அடித்தது சட்டத்தின் விடயம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். லயன்களில் கஞ்சாப் பொட்டலம் தேடும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவிட்டாலே பொலிஸாருக்கு நிறைய வேலை இருக்கும்.