மேட்பிளாட்லிப்: திரையில் தெரியும் வரைபடம் கோப்பில் வெறுமையாக வருவது

பைத்தானில் வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் பைபிளாட் தொகுதியில், படத்தைக் கோப்பில் சேமிக்கும் 'சேவ்ஃபிக்' (savefig) வரியை, திரையில் காட்டும் 'ஷோ' (show) வரிக்கு முன்னால் வையுங்கள். திரையில் சரியாகத் தெரிந்த வரைபடம் பிஎன்ஜி கோப்பில் வெள்ளையாக வருவது நின்றுவிடும்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: நிரலை முனையத்திலிருந்து இயக்கும்போது, நீங்கள் சாளரத்தை மூடும்வரை 'ஷோ' காத்திருக்கிறது, மூடியதும் அந்த வரைபடம் பைபிளாட்டின் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. அதன்பின் வரும் 'சேவ்ஃபிக்', நடப்பு வரைபடம் எதுவும் இல்லாததால், புதிதாக ஒன்றை உருவாக்கி அந்த வெற்றுத் தாளையே சேமிக்கிறது. பிழைச் செய்தி வராததால் தரவில் குறை இருப்பதுபோல் தோன்றும். தரவைத் தொட வேண்டாம்.

உறுதிப்படுத்திக்கொள்ள, 'ஷோ'வுக்கு அடுத்த வரியில் திறந்திருக்கும் வரைபடங்களின் எண்களைப் பட்டியலிடும் பைபிளாட்டின் 'கெட்_ஃபிக்நம்ஸ்' (get_fignums) தரும் விடையை அச்சிட்டுப் பாருங்கள். வெற்றுப் பட்டியல் வந்தால் ஐயமில்லை. இயல்பு அமைப்பை மாற்றாதிருந்தால், அந்த வெள்ளைப் படம் 640 × 480 படப்புள்ளி அளவில் இருக்கும்.

புதிய வரைபடத்தை உருவாக்கும் 'சப்பிளாட்ஸ்' (subplots) திருப்பித் தரும் ஃபிகர் பொருளை, அதாவது முழு வரைபடத்தைக் குறிக்கும் பொருளை, ஒரு மாறியில் வைத்து, அதன் 'சேவ்ஃபிக்'கையே அழைப்பதை நான் இன்னும் வலுவாகப் பரிந்துரைப்பேன். பல வரைபடங்கள் உள்ள நிரலில் எது சேமிக்கப்படுகிறது என்ற குழப்பமே எழாது.

நிரலைச் 'செல்' எனப்படும் சிறு பகுதிகளாக இயக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் மட்டும் கவனம் தேவை. அங்கே படம் செல்லுக்குக் கீழேயே காட்டப்படும் அமைப்பில், செல் ஓடி முடிந்ததும் வரைபடம் மூடப்படுவதால், பைபிளாட் வழியாகச் சேமிப்பதாயின் வரையும் வரிகளும் சேமிக்கும் வரியும் ஒரே செல்லில் இருக்க வேண்டும்.