விளக்கவுரையை எப்போது திறப்பது?

கேள்வி: மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் செய்தி கொடுக்கிறேன். வேதாகம விளக்கவுரையைப் பார்த்துத்தான் தயாரிக்கிறேன். “புத்தகம் வாசித்த மாதிரி இருக்கிறது” என்கிறார்கள் சபையார். விளக்கவுரையே வேண்டாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கட்டாயம் வேண்டும். ஆனால் வியாழக்கிழமை வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். முதல் மூன்று நாள் வேதபகுதியை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பு ஒரு முறை, 1995 பொது மொழிபெயர்ப்பு ஒரு முறை. இரண்டும் எங்கே வேறுபடுகின்றன, எந்தச் சொல் புரியவில்லை என்று ஏழெட்டுக் கேள்விகள் எழுதுங்கள். பிறகு அந்தக் கேள்விகளோடு மட்டும் விளக்கவுரைக்குப் போங்கள். முதலிலேயே திறந்தால் விளக்கவுரை எழுதியவருடைய தலைப்புகள் உங்கள் தலைப்புகளாகிவிடும். சபையார் காதில் விழுவது அதுதான்.

மத்தேயு 19:24-ஐ எடுத்துக்கொள்வோம்: ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறார் இயேசு. ‘ஊசியின் காது’ என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறு வாசல், சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் ஒட்டகம் நுழையும் என்று பல பழைய புத்தகங்களில் இருக்கிறது. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே கிடையாது. சான்றைத் தேடுமுன் அடுத்த இரண்டு வசனங்களைப் பாருங்கள். 25-ல் சீஷர்கள், “யார் ரட்சிக்கப்படக்கூடும்” என்று திகைக்கிறார்கள். 26-ல் ஆண்டவர், “மனுஷரால் இது கூடாததுதான்” என்கிறார். மண்டியிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் அந்தத் திகைப்பு எதற்கு? வேதபகுதியை நன்றாக வாசித்தவர் இந்த வாசலில் இடறமாட்டார்.

இரண்டு விளக்கவுரைகள் போதும்: சொல்லையும் வரலாற்றையும் விளக்குவது ஒன்று, தியானத்துக்கு உதவுவது ஒன்று. எந்தக் காலத்தில் எழுதியது என்று முன்பக்கத்தில் பாருங்கள். பலரும் பயன்படுத்தும் ஒரு விளக்கவுரையை எழுதிய மத்தேயு ஹென்றி மறைந்தது 1714-ல். பழங்கால வேதாகமக் கையெழுத்துப் பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947-ல்; அவற்றை அவர் பார்த்திருக்க முடியாது. இன்னொன்று, அவர் அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் எழுதி முடித்தார். ரோமர் முதல் வெளிப்படுத்தல் வரை அவருக்குப் பின் வேறு போதகர்கள் நிறைவு செய்தது. ஆகவே ரோமருக்கு “மத்தேயு ஹென்றி சொல்கிறார்” என்று மேற்கோள் காட்டாதீர்கள்.

அரைமணி நேரச் செய்தியில் விளக்கவுரையிலிருந்து இரண்டு மூன்று குறிப்புகளுக்கு மேல் வேண்டாம். பெரிய தொகுதிகளை விலைக்கு வாங்குமுன் மில்லர்ஸ் ரோட்டில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி நூலகத்தில் வெளியாருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு விளக்கவுரைகள் முரண்பட்டால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?
– வாசகி, ஃப்ரேசர் டவுன், பெங்களூரு

பதில்: இருவரும் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்; முடிவை மட்டும் பார்த்தால் எடைபோட முடியாது. 1 பேதுரு 3:19-ல் வரும் ‘காவலிலுள்ள ஆவிகள்’ யார் என்பதில் பழங்காலத்திலிருந்தே ஒத்த கருத்து இல்லை. சிறு பிள்ளைகளுக்கு அதை எடுக்கவே வேண்டாம். பெரிய வகுப்பில் கேட்டால் இரண்டு கருத்தையும் சொல்லி, கிறிஸ்து நம் பாவங்களினிமித்தம் பாடுபட்டார் என்று சொல்லும் 18-ஆம் வசனத்தை மனப்பாடம் செய்ய வையுங்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.