ஆன்லைன் ஏலத்தில் கடைசி நொடியில் விலை கேட்டால் பலன் உண்டா?

அது எந்த மாதிரி ஏலம் என்பதைப் பொறுத்தது. ஈபே போல, குறித்த நேரத்தில் முடிந்துவிடும் தளம் என்றால் உண்டு. ஒருவர் கேட்கக் கேட்க நேரம் நீளும் தளம் என்றால் கடைசி நொடி என்றே ஒன்று கிடையாது. பாம்பன் கரையில் மீன் ஏலம் விடுவது போலத்தான், எதிராளி வாய் மூடும்வரை முடியாது.

நான் கீழக்கரைக்காரன். பழைய பிலிம் கேமரா லென்ஸ் மேல் பித்து. ஈபேயில் எடுத்து துபாய் மச்சான் முகவரிக்கு அனுப்பச் சொல்வேன், அவர் ஊருக்கு வரும்போது கொண்டுவருவார்.

ஈபேயில் நாம் போடுவது உச்ச விலை. அது மற்றவர்களுக்குத் தெரியாது. நான் 60 டாலர் போட்டு, அடுத்தவர் 40-இல் நின்றுவிட்டால் 41-க்கு எனக்குக் கிடைக்கும். அப்படியானால் முதல் நாளே 60 போட்டுவிட்டுத் தூங்கலாமே? கணக்குப்படி சரி. ஆனால் ஏலம் கேட்பவர்கள் கணக்குப்படியா நடக்கிறார்கள்? தன்னை ஒருத்தன் மிஞ்சிவிட்டான் என்று தெரிந்ததும் ரோஷம் வந்து ஏற்றிக்கொண்டே போவார்கள். 35-க்கு முடிய வேண்டியது 58-இல் வந்து நிற்கும். கடைசி ஏழெட்டு நொடியில் போட்டால் ரோஷப்பட நேரம் இருக்காது. அப்புறம், சரக்கு தெரிந்தவர் சீக்கிரமே கை வைத்தால் இதில் ஏதோ இருக்கிறது என்று மற்றவர்களும் மோப்பம் பிடிப்பார்கள்.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002-இல் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். அப்போது அமேசானிலும் ஏலம் உண்டு, கடைசி 10 நிமிடத்தில் யாராவது கேட்டால் அங்கே நேரம் நீளும். கடைசி நேரத்தில் வந்து விழுந்தவர்கள் ஈபேயில்தான் அதிகம்.

தபால் செலவையும் சேர்த்து உங்கள் உச்ச விலையைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 60 என்று முழுசாகப் போடாமல் 61.37 என்று போடுங்கள். இருவர் ஒரே தொகை போட்டால் முந்தியவருக்குத்தான் பொருள், கடைசியில் வருகிற நமக்கு அது பாதகம். இரண்டு நொடி மிச்சம் வைத்து வீரம் காட்டவும் வேண்டாம். எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் ஓங்கினாலே கரண்ட் போய்விடும், வைஃபையும் கூடவே போகும். மொபைல் டேட்டாவைத் தயாராக வைத்திருங்கள். நமக்காகக் கடைசி நொடியில் கேட்கும் சேவைகளும் இருக்கின்றன, ஆனால் பாஸ்வேர்டைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

வங்கி இ-ஏலத்தில் வீடு, மனை எடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் இந்த வித்தையை மறந்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் நேரம் நீளும். எடுத்தால் மறு வேலை நாளுக்குள் முன்பணத்தோடு சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும், தவறினால் கட்டிய பணம் போச்சு. அதில் கை வைக்கும் முன் வில்லங்கச் சான்றிதழைப் பாருங்கள், இடத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே குடியிருப்பவர் காலி செய்யவில்லை என்றால் அது தனிக் கதை.