செர்ரி பூவைப் பார்க்க ஜப்பான் வருகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

நான் ஜப்பானின் வடகிழக்கில் இருக்கும் சென்டாயில் குடியிருக்கிறேன். வசந்தம் வந்தால் வடக்கே ஹிரோசாகி கோட்டை விழா வரைக்கும் பூவின் பின்னாலேயே போவது எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த வசந்தத்துக்குப் பயணம் போடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): அடுத்த வருடம் டோக்கியோவில் சரியாக எந்தத் தேதியில் பூக்கும்? விமான டிக்கெட்டை இப்போதே எடுக்க வேண்டும்.

இப்போது யாராலும் சொல்ல முடியாது. 2023இல் டோக்கியோவில் பூ மலர்ந்ததாக அறிவித்தது மார்ச் 14. அடுத்த வருடமே அது மார்ச் 29 ஆகிவிட்டது. யாசுகுனி கோவில் வளாகத்தில் இதற்கென்று ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலைத் துறை ஆட்கள் நேரில் போய்ப் பார்த்து, ஐந்தாறு பூ விரிந்திருந்தால்தான் மலர்ந்ததாக அறிவிப்பார்கள். அங்கிருந்து மரம் நிறையப் பூக்க ஏறக்குறைய ஒரு வாரம், அப்புறம் உதிர இன்னொரு வாரம். அவ்வளவுதான் ஆயுசு.

மொட்டு போன கோடையிலேயே கட்டிவிடும், பிறகு உறங்கிக் கிடக்கும். போதுமான அளவு குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். கலைந்தபின் வெப்பம் ஏற ஏற மொட்டு பருக்கும். பிப்ரவரி 1 முதல் தினசரி உச்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால், 600 டிகிரியைத் தொடும் சமயத்தில் பூக்கும் என்று இங்கே ஒரு கணக்கு உண்டு. குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போனால் அந்தக் கணக்கும் பிசகும். 2020இல் டோக்கியோவில் மார்ச் 14 அன்றே மலர்ந்தது. தென்கோடி ககோஷிமாவில் ஏப்ரல் 1 ஆயிற்று!

அதனால் தேதியை நம்பிப் பயணம் போடாதீர்கள், இடம் மாறிக்கொள்ள வழி வைத்துப் போடுங்கள். பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறும். மார்ச் கடைசியில் டோக்கியோ, ஏப்ரல் முதல் பாதியில் சென்டாய், ஏப்ரல் நடுவிலிருந்து ஹிரோசாகி, மாதக் கடைசியில் கடலுக்கு அப்பால் ஹகோடாதே. ஏப்ரலில் பத்து நாள் வைத்துக்கொண்டு, கடைசி நாள்வரை ரத்து செய்யக்கூடிய விடுதியாக எடுத்தால் எங்கேயாவது பூ கிடைக்கும்.

கேள்வி (மலாக்கா): பிள்ளைகளுக்கு மார்ச் கடைசியில் ஒரு வாரம்தான் விடுமுறை. கியோட்டோ மட்டும் போதுமா?

போதும். ஆனால் அந்த வாரத்தில் பூ பிந்தினால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அங்கே ஊர் முழுக்க ஒரே நாளில் பூப்பதில்லை. மருயாமா பூங்காவில் உள்ள தொங்குகிளை மரம் முந்திக்கொள்ளும். நின்னாஜி கோவில் மரங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி.

கேள்வி (கோவை): அம்மாவுக்கு முழங்கால் வலி. யோஷினோ மலைக்கு அழைத்துப் போகலாமா?

வேண்டாம். யோஷினோவில் சுமார் 30,000 மரங்கள், பெரும்பாலும் காட்டுச் செர்ரி. அடிவாரத்தில் தொடங்கி உச்சிவரை படிப்படியாகப் பூத்துக்கொண்டு போகும். அதைப் பார்க்க வேண்டுமானால் ஏறி இறங்கியே ஆக வேண்டும். அம்மாவுக்கு நான் சொன்ன நின்னாஜிதான் சரி. அங்குள்ள மரங்கள் குட்டை, பூ முகத்துக்கு நேரே நிற்கும். கையெட்டும் உயரம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கிளையைத் தொடாதீர்கள், படத்துக்காக இழுத்து வளைக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): நாங்கள் சுத்த சைவம். விழாவில் என்ன சாப்பிடுவது?

பார்த்தால் சைவம் போலத் தெரிவதை நம்பாதீர்கள். மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, முட்டைச் சுருள் வரைக்கும் காய்ந்த மீன் சாறு இருக்கும். கடைக்காரர் "மீன் இல்லை" என்றாலும் சாற்றைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லியிருக்கலாம். குச்சியில் மூன்று நிறத்தில் கோத்த அரிசி மாவு உருண்டை, பயற்று விழுதை அரிசிக்குள் வைத்து உப்புப் போட்ட செர்ரி இலையில் சுற்றிய சகுரா மோச்சி, புளித்த உமே காய் (ப்ளம்ஸ் போன்றது) வைத்த சோற்றுருண்டை, இவை பெரும்பாலும் ஒத்துவரும். முட்டை சாப்பிடுவீர்களானால் ஹிரோசாகியில் ஆப்பிள் பை கடைகள் ஏராளம்.

கேள்வி (மதுரை): டோக்கியோவில் ஏப்ரல் 5 அன்று பூ இருக்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஏழு நாள் ஜேஆர் ரயில் பாஸ் எடுக்கட்டுமா?

டோக்கியோவிலிருந்து ஹிரோசாகி போய்த் திரும்ப மட்டும் என்றால் வேண்டாம். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென் ஆயிற்று. ஒருவழிப் பயணத்துக்கு 18,000 யென் அளவில்தான் ஆகும். ஹயபுசா என்ற அதிவேக ரயிலில் ஷின்-அவோமோரி வரை மூன்றேகால் மணி நேரம், அங்கே இறங்கி மாறினால் முக்கால் மணிக்குள் ஹிரோசாகி. ஹயபுசாவில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானுக்கே விடுமுறை. அந்த வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): ஹிரோசாகியில் என்ன விசேஷம்? கோட்டையும் பூவும் ஜப்பானில் எங்கும் இருக்கிறதே.

மரங்கள்தான் விசேஷம். பூங்காவில் சுமார் 2,600 செர்ரி மரங்கள். பெரும்பாலும் சோமேய் யோஷினோ என்ற ரகம். அது விதையில் வருவதில்லை, ஒட்டுக் கட்டித்தான் பெருக்குகிறார்கள், எல்லாம் ஒரே மரத்தின் நகல். அதனால்தான் ஒரு ஊரில் அந்த ரக மரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்கின்றன. அந்த ரகத்துக்கு ஆயுள் அறுபது வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹிரோசாகியிலோ நூறு வயதைத் தாண்டியவை முந்நூறுக்கும் மேல். 1882இல் நட்ட மரம்கூட இன்னும் பூக்கிறது. ஒரு மொட்டில் வழக்கமாக மூன்று நான்கு பூ வரும், இங்கே நான்கு ஐந்து வரும். கிட்டே போய்ப் பார்த்தால் கிளையே தெரியாத அளவுக்குக் கொத்துக் கொத்தாக அடைத்திருக்கும். இதற்குக் காரணம் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. ஹிரோசாகி இருக்கும் அவோமோரி மாநிலம் ஆப்பிள் நாடு. ஆப்பிளுக்குச் செய்யும் கவாத்தையே செர்ரிக்கும் செய்தார்கள்.

கேள்வி (அதே கொடைக்கானல்): இதை ஏற்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் ப்ளம்ஸ், பேரி இரண்டும் உண்டு. கொட்டைப் பழ இனத்தை ஓங்கி வெட்டினால் பிசின் வடியும், வெட்டுவாயில் அழுகல் இறங்கும். செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள் என்று ஜப்பானியரே பழமொழி வைத்திருக்கிறார்களே?

நல்ல கேள்வி, ஐயா. பழமொழி உண்மைதான். அதன் மறுபாதி, உமே மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்பது. செர்ரியின் வெட்டுக் காயம் சீக்கிரம் ஆறாது, அழுகல் உள்ளே போகும் என்பதையும் மறுக்கவில்லை. ஹிரோசாகியில் எப்படி வெட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிப்ரவரியில், தரையில் பனி கிடக்கும்போதே, மரம் உறங்கும் காலத்தில் தொடங்குகிறார்கள். வெட்டுவாயில் பூஞ்சை தடுக்கும் பசை பூசுகிறார்கள், உரமும் வைக்கிறார்கள். கிழட்டுக் கிளையை எடுத்தால் அடியிலிருந்து இளந்தளிர் கிளம்பும். அந்தத் தளிரை அடுத்த கிளையாக வளர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் பேரிக்கு நீங்களும் அதைத்தானே செய்வீர்கள்?

கேள்வி (பெங்களூரு): நடுவில் வருகிறேன். அங்கே குளிர் அதிகம், அதனால் பூச்சியும் நோயும் குறைவு. ஆயுள் கூடியது அதனால்தான், கவாத்தால் இல்லை.

குளிரும் உதவியிருக்கும். ஆனால் குளிரான ஊர்கள் ஜப்பானின் வடக்கில் நிறைய உண்டு. நூறு வயது சோமேய் யோஷினோ இத்தனை நிற்பது வேறு எங்கே? கிளை நுனிகள் துடைப்பம் போல அடர்ந்து பூக்காமல் போகிற நோய் ஒன்று உண்டு. அந்தக் கிளையைக் கண்டதும் வெட்டி எடுப்பதுதான் அதற்கு மருந்து. வெட்டவே கூடாது என்று விட்டுவைத்த மரம் அந்த நோயிலேயே நலிந்து போகும்.

கேள்வி (கொடைக்கானல்): அப்படியானால் மற்ற ஊர்களும் செய்யலாமே?

ஆள் வேண்டும், ஐயா. எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்று மரத்தைப் பார்த்ததும் தெரிந்த கை வேண்டும். ஹிரோசாகி நகராட்சி மர வைத்தியர்களோடு தனிக் குழுவே வைத்திருக்கிறது, ஊரைச் சுற்றி ஆப்பிள் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கை இல்லாத ஊரில் ரம்பத்தை எடுத்தால் நீங்கள் சொன்ன அழுகல்தான் நடக்கும். பழமொழி அவர்களுக்கானது. நீங்கள் வருவதானால் பூ சமயத்தை விட்டு பிப்ரவரி கடைசியில் ஒரு முறை வாருங்கள், வேலையையே பார்க்கலாம். வெட்டிய கிளைகளை ஊர் மக்களுக்குக் கொடுப்பார்கள், வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் முன்கூட்டியே பூக்கும்.

இதைச் சொல்வதால், கிளை ஒடித்தால் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ரம்பத்தால் அளந்து அறுத்துப் பசை பூசுவது வேறு, கையால் பிய்ப்பது வேறு. பிய்த்த இடத்தில் பட்டை கிழிந்து, அழுகல் நேரே உள்ளே இறங்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நாங்கள் போகும்போது பூ கொட்டிவிட்டால் எல்லாம் வீணா?

இல்லை. ஹிரோசாகியில் பலர் அதற்காகவே பிந்தி வருகிறார்கள். முழுக்கப் பூத்துச் சில நாள் கழித்து வெளி அகழியில் இதழ் விழுந்து, தண்ணீரே தெரியாமல் ரோஸ் பாயாக மூடிவிடும். காற்றடிக்கும் பக்கம் அந்தப் பாய் ஒதுங்கும், அதனால் காலையில் ஒரு கரை, மாலையில் ஒரு கரை என்று சுற்றிப் பாருங்கள். அடுக்கிதழ் ரகங்களும் அப்போதுதான் தொடங்கும்.

கேள்வி (சென்னை): ஷில்லாங்கிலும் செர்ரி விழா உண்டே, அதற்கும் ஏப்ரலில் போகலாமா?

அது நவம்பரில். மரமும் வேறு, இமயமலைக் காட்டுச் செர்ரி.

கேள்வி (ஈரோடு): ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்கள் வரலாமா?

வரலாம். செர்ரியால் பயமில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே பறப்பது சுகி என்ற ஊசியிலை மரத்து மகரந்தம். உள்ளூர்க்காரர்களே மாஸ்க் போட்டுத்தான் நடப்பார்கள். மருத்துவரைக் கேட்டு உங்கள் மருந்தோடு வாருங்கள். ஹிரோசாகி இரவில் 5 டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): டோக்கியோவில் எந்த வாரம்...

இதற்கு மறுபடி பதில் எழுதப் போவதில்லை. 2010இலிருந்து அரசு வானிலைத் துறையே முன்கணிப்பதை விட்டுவிட்டது, மலர்ந்தபின் அறிவிப்பது மட்டும்தான். முன்கணிப்பு வெளியிடுவது தனியார் நிறுவனங்கள். ஜனவரியில் தொடங்கி அடிக்கடி திருத்துவார்கள். மார்ச் பிறந்ததும் அதைப் பாருங்கள், விடுதியை அப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேலூர்): சரி. டோக்கியோவில் ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

ஷின்ஜுகு கியோயென் பூங்கா. பல ரகங்கள் இருப்பதால் நீங்கள் வாரம் தவறி வந்தாலும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். மதுவுக்கு அனுமதி இல்லை, குடும்பத்தோடு புல்வெளியில் உட்காரலாம். பாயை மரத்தடியில் வேரின் மேல் விரிக்காதீர்கள். சோமேய் யோஷினோவின் வேர் மேலாகவே ஓடும், மண் மிதிபட்டு இறுகினால் மரம் காயும். கிளையையும் தொடாதீர்கள்.