வாசகர் கேள்வி: தையலோரம் ஏன் பிளந்தது?

கேள்வி: உகந்தையிலிருந்து குமணக் காட்டுவழியே கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை செல்லும் என் கணவருக்காக, சிலிக்கோன் பூசிய மெல்லிய ரிப்ஸ்டொப் (கிழிசல் பரவாதபடி கட்டங்கட்டமாக நெய்த) நைலோன் துணியில் இரண்டு அகலங்களை இணைத்து மழைக்கூரை ஒன்று தைத்தேன். உறுதியாக இருக்கட்டுமென்று மிக நெருக்கமாகத் தைத்தேன். முதற்காற்றிலேயே நடுத்தையல் நெடுகப் பிளந்துவிட்டது, நூலோ அறவில்லை. பிழை எங்கே?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, நூல் அறவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஊசி இறங்கும் இடமெல்லாம் ஒரு துளை. துளைகள் நெருங்கிவிட்டால், தாளிலிருந்து முத்திரையைப் பிரிப்பது போலத் துணி அந்த வரிசையிலேயே விட்டுப்போகும். பருத்தி இழைகள் ஊசிக்கு விலகிப் பின்னர் நெருங்கிக்கொள்ளும். பூச்சிட்ட நைலோனில் விழுந்த துளை விழுந்ததுதான். ஆகவே பிளந்த ஓரத்தை முழுதாக வெட்டி நீக்கிவிட்டு, 70 அல்லது 80 இலக்கப் புதிய ஊசியில், 3 மில்லிமீற்றர் நீளத் தையலாகத் தையுங்கள். குண்டூசியும் குத்த வேண்டாம்; கிளிப்பினால் பிடித்தாலே போதும்.

ஒற்றைத் தையல் காற்றைத் தாங்காது. டெனிம் காற்சட்டையின் கால் ஓரத்தில் இரட்டைக் கோடாக ஓடும் தையலே இதற்கு ஏற்றது. ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஓரம் விட்டு இணைத்து, ஓர் ஓரத்தை மட்டும் பாதியாக வெட்டி, அகன்ற ஓரத்தை அதன்மேல் மடித்து மூடி, முழுவதையும் துணியோடு படியவைத்து மீண்டும் ஒரு கோடு தைத்தால், இழுவை ஒரு வரிசைத் துளைகளில் மட்டும் விழாமல் மடிப்பு முழுவதிலும் பரவும். படியவைக்கச் சூடான ஸ்திரிக்கைப் பெட்டி வேண்டாம், நைலோன் உருகும், நகத்தால் நீவுங்கள். கிடுகு வேயும்போது மேல்வரிசை கீழ்வரிசையை மூடுவது போல, வெளியே தெரியும் மடிப்பின் வாய் கீழ்ச்சரிவைப் பார்த்திருக்க வேண்டும்.

நூல் பொலியெஸ்ரராக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிப்போகும். ஐயமிருந்தால் நுனியைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்ரர் உருகிச் சிறு மணியாக இறுகும்.

எப்படித் தைத்தாலும் துளை வழியே நீர் கசியும். மாரி மழைக்கும் இந்தக் கூரை உதவ வேண்டுமானால் தையலை அடைத்தே ஆகவேண்டும். சிலிக்கோன் பூசிய துணியில் சிலிக்கோன் பசையே நன்றாகப் பிடிக்கும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் நிறமற்ற சிலிக்கோனை, அடுப்புக்குத் தொலைவில், திறந்த வெளியில் மினரல் டர்பன்டைனோடு குழைத்து, தூரிகையால் தையற்கோடுகளின் மேல் மெல்லியதாகப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பின்னர் கூரையை முற்றத்தில் இழுத்துக் கட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, உட்புறத் தையலை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படும் இடத்தில் மட்டும் இன்னொரு தடவை பூசுங்கள்.