பிரிட்டன் சுற்றுப்பயணம்: ரயிலா, காரா, விமானமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: லண்டனிலிருந்து எடின்பரோ போக விமானம்தானே சீக்கிரம்? ரயிலில் நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்களே?

பதில்: பறக்கும் நேரம் ஒன்றேகால் மணிதான். ஆனால் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் போய்ச் சேரவே லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து முக்கால் மணிக்கு மேல் ஆகும். அப்புறம் சோதனை, காத்திருப்பு, எடின்பரோவில் இறங்கி ஊருக்குள் போக டிராமில் அரை மணி. எல்லாம் கூட்டினால் மிச்சமாகும் நேரம் அதிகம் இல்லை. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் எடின்பரோவின் வேவர்லி நிலையத்தில், ஊரின் நடுவிலேயே இறங்கலாம். கோட்டைக்கு நடந்தே போய்விடலாம்.

வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். டர்ஹம் கதீட்ரல் அந்தப் பக்கம்தான். ஆல்ன்மவுத் பக்கம் கடல் தலைகாட்டத் தொடங்கும். பெரிக்கில் ட்வீட் ஆற்றைக் கடப்பது 1850-இல் திறந்த, 28 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல். உள்நாட்டு விமானத்தை பெல்ஃபாஸ்ட், ஷெட்லாண்ட் மாதிரி கடல் தாண்டிய இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே ரயிலுக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு விலை காட்டுகிறது. நாங்கள் இருவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். எப்படிக் குறைப்பது?

பதில்: 'அட்வான்ஸ்' டிக்கெட் பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விற்பனைக்கு வரும். மலிவானவை முதலில் தீரும். அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும்தான். காபி வாங்கப் போய் வண்டியைத் தவறவிட்டால் புது டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். பல வழித்தடங்களில் 'ஆஃப்-பீக்' டிக்கெட்டும் உண்டு, விலை அதிகம். ஆனால் நெரிசல் நேரம் தவிர்த்து எந்த ரயிலிலும் ஏறலாம். நம்மூர் மாதிரி வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. பெரும்பாலான ரயில்களில் சீட் பதிவு இல்லாமலே ஏறலாம். நின்றுகொண்டு போக நேரலாம், அவ்வளவுதான்.

உங்கள் குடும்பத்துக்கு 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ரயில்கார்டு கச்சிதம். சுற்றுலாப் பயணிகளும் வாங்கலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. நான்கு பெரியவர்கள் வரை சேர்க்கலாம் என்பதால் மாமியாரும் உள்ளே. ஒரு நிபந்தனை: கூட ஒரு பிள்ளையாவது வர வேண்டும். எடின்பரோ போய்வரும் ஒரே பயணத்தில் கார்டின் விலையை மீட்டுவிடலாம்.

இன்னொன்று: ரயில் அரை மணிக்கு மேல் தாமதமானால் 'டிலே ரீபே' என்று இழப்பீடு கேட்கலாம். தானாக வருவது அபூர்வம், விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: இந்திய லைசென்ஸ் செல்லுமா? லண்டனில் கார் எடுத்து ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவு வரை ஓட்டலாம் என்று ஆசை.

பதில்: சுற்றுலா வருபவருக்கு 12 மாதம் வரை செல்லும். இடப்பக்க ஓட்டம், வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் பழகவும் சிரமம் இல்லை. ஆனால் லண்டனில் எடுக்காதீர்கள். நெரிசல் கட்டணம், பார்க்கிங் என்று காசு கரையும்; அதற்கு மேல் ஸ்கைக்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேர ஓட்டம். வட ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை ரயிலில் போய், அங்கே எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் பொதுவாகத் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். தீவுக்கு 1995 முதல் பாலம் இருக்கிறது, இப்போது சுங்கமும் இல்லை.

தீவின் உட்புறச் சாலைகள் பல ஒற்றை வண்டி அகலம்தான். ஆங்காங்கே 'பாஸிங் பிளேஸ்' என்ற பலகையோடு சாலை சற்று அகலும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று, எதிரே வருபவரை அதற்குள் ஒதுங்கவிடுங்கள்; நீங்கள் குறுக்கே போகக் கூடாது. பின்னால் வருபவர் அவசரத்தில் இருந்தாலும் இதேபோல் வழிவிடுங்கள். போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்துவது உள்ளூர்க்காரர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கேள்வி: ஸ்காட்லாந்துக்கு இரவு ரயில் நல்லதா?

பதில்: படுக்கை அறை ஹோட்டல் விலைக்கு நிகராக வரும், மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனால் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ஏறி ஃபோர்ட் வில்லியம் போகும் வண்டி காலையில் ரானக் மூர் சதுப்பு வெளியைக் கடக்கும். வழியில் வரும் கோரூர் நிலையத்துக்குப் பொதுச்சாலையே கிடையாது. நான் அந்தக் காலைக்காகவே காசு கொடுப்பேன். சனிக்கிழமை இரவு இந்த வண்டி கிடையாது.

கேள்வி: நீண்ட தூர பஸ்?

பதில்: லண்டன்–எடின்பரோ ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், முதுகு தாங்கினால் சரி. ஹீத்ரோவில் இறங்கி நேரே ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்களுக்கு மட்டும் ரயிலைவிட பஸ்ஸையே சொல்வேன். லண்டனுக்குள் நுழைந்து பெட்டிகளோடு வண்டி மாற வேண்டியதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் வாரம் வருகிறோம். கவனிக்க வேண்டியது?

பதில்: டிசம்பர் 25 ரயில் கிடையாது. 26 அன்றும் மிகச் சிலதான். லண்டனில் 25 அன்று சுரங்க ரயில், சிவப்பு பஸ்கூட ஓடாது. தண்டவாளப் பராமரிப்பையும் இப்படிப்பட்ட விடுமுறை நாட்களில்தான் வைப்பார்கள்; ஈஸ்டரிலும் இதே கதை. ஊர் மாறும் பயணத்தை 24 மதியத்துக்குள் முடியுங்கள், அல்லது 27-க்குத் தள்ளிவையுங்கள்.