வற்றியது கட்டியல்ல

கேள்வி: மடகாஸ்கர் பகல் பல்லி ஒன்று வளர்க்கிறோம். பச்சை உடம்பு, முதுகில் சிவப்புப் பொட்டு, பெண். தினமும் காலையில் கண்ணாடித் தொட்டியோடு ஜன்னல் வெயிலில் வைக்கிறோம். இருந்தும் வால் கோணுகிறது, கால் நடுங்குகிறது. கழுத்தில் இரு பக்கமும் இருந்த வெள்ளைக் கட்டிகள் மட்டும், இரண்டாம் தடவை முட்டையிட்டதும் தானாகவே வற்றிவிட்டன. வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கலாமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்: கட்டி வற்றியதை நல்ல சேதியாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. எனக்கு அதுதான் கவலை. அவை கட்டிகள் அல்ல, கால்சியம் சேர்த்து வைக்கும் பைகள். முட்டை ஓட்டுக்கு அங்கிருந்துதான் எடுக்கும். அந்த உண்டியல் காலி. இப்போது எலும்பில் கைவைத்திருக்கிறது. தாடையும் மெத்தென்று இருக்கலாம். அழுத்திப் பார்க்காமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள்.

தின்கிற கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். தோலில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதா பி கதிர் பட்டால் அதுவே டி3 செய்துகொள்ளும். கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். உங்கள் வீட்டில் ஜன்னல், தொட்டி என்று இரண்டு கண்ணாடி! உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான். மதுரைப் பக்கத்துச் சூட்டுக்குக் கேட்கவா வேண்டும்? வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும்.

கம்பி வலைக் கூண்டு வாங்குங்கள். காலை ஒன்பது மணிக்குள் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் போதும். பாதிக் கூண்டில் நிழல் இருக்கட்டும். வீட்டுக்குள் என்றால் ஊர்வனவற்றுக்கான யுவிபி (புற ஊதா பி) குழல்விளக்குதான், சாதா டியூப்லைட் உதவாது. அதையும் கண்ணாடி மூடிமேல் வைக்காதீர்கள். நானே ஒருமுறை, பளிச்சென்று எரிகிறதே என்று ஒன்றரை வருஷம் மாற்றாமல் விட்டு, பேரனின் ஓணானைக் கெடுத்தேன். வெளிச்சம் இருக்கும், கதிர் செத்திருக்கும். தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றிவிடுங்கள்.

நமக்கான சொட்டு மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். வெயிலில் உண்டாகும் டி3 அளவு மீறினால் அந்த வெயிலே அதைச் சிதைத்துவிடும். வாயில் ஊற்றியதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சில பத்து கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு சொட்டே அதிகம். மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும். சில்வண்டுப் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று: இந்த இனம், வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் திருத்திய வன உயிரினச் சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிந்தீர்களா?

கோணிய வால் நிமிராது. கழுத்துப் பைகள் மறுபடி உப்பினால் மட்டும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.